என் அம்மாவின் வாயைப் பார்த்தவள்

ஒரு தாயின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால், அதை முதலில் அறிய வேண்டியவர் யார்? அவள் பெற்ற மகளா, டோர்ச் அடித்துப் பார்த்தவளா? வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லியிருப்பேன். யாருடைய வாயோ அவருக்குத்தான் சொல்ல வேண்டும், அவர் விரும்பினால் மற்றவர்களுக்குச் சொல்லட்டும் என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். இப்போது மகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டு யோசிக்கும்போது, அந்தப் பதில் சரியென்றும் படுகிறது, அநியாயமென்றும் படுகிறது.

ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவங்களை எழுதும் இந்தப் பகுதியில், முப்பது வயதுகூட ஆகாத நான் எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். குழந்தைக்காக வேலையை விட்டவள் நான். திரும்பப் போக முடியாத வேலை என்ற வகையில் எனக்கும் அது ஓய்வுதான். சென்ற மாதம் இரண்டு பெண்கள் என்னைத் தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். நான் செய்த அதே வேலைக்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்கள். "ஃபரீதா அக்காதான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. வாயைத் தொறக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறவங்கள எப்படிச் சமாளிக்கிறது?" என்று கேட்டார்கள். ஃபரீதா இப்போது அவர்களுக்கு மேற்பார்வையாளர். நான் இருந்திருந்தால் அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்கலாம். அதை நினைத்துக்கொண்டே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்களில் இளையவள் போகும்போது, "உங்க வீட்டுல யாருக்காச்சும் பாத்திருக்கீங்களா அக்கா?" என்றாள். அதற்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை இதுதான். எங்கள் மலைத் தோட்டங்களில் பெண்களும் ஆண்களும் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து நாள் முழுவதும் மெல்கிறார்கள். அப்படி மெல்லும் சிலருக்கு வாயில் புற்றுநோய் வருகிறது. வருவதற்கு முன்பே கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டுத் தெரியலாம். டொக்டர் அல்லாத எங்களைப் போன்றவர்கள் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம் போய் அதைக் கண்டுபிடித்து, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உயிர்கள் மிஞ்சுமா என்பதை அறிவதற்கான ஆய்வு அது. பதுளையில் பயிற்சி. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தோம். நோயில்லாத வாய் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்வரை பார்த்தோம். பயிற்சியைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பார்க்கும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் என் விரல்களில் இருக்கிறது. முதலில் கேள்விகள். எத்தனை வயதில் வெற்றிலை போடத் தொடங்கினீர்கள், புகையிலை உண்டா, எந்தப் பக்கத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வீர்கள், தூங்கும்போதும் வாயில் இருக்குமா, உறைப்புச் சாப்பிட்டால் எரிகிறதா. பிறகு வாயை நன்றாகக் கொப்புளிக்கச் சொல்ல வேண்டும். சிவப்புச் சாறு போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது. உதட்டின் உட்புறம், வலது கன்னம், இடது கன்னம், ஈறு, நாக்கின் மேல், நாக்கைத் துணியால் பிடித்து இரு ஓரங்களும், நாக்கின் அடி, கடைசியில் மேலண்ணம். இந்த வரிசையை மாற்றக்கூடாது. வெள்ளையாக எதையாவது கண்டால் துணியால் மெல்லத் துடைத்துப் பார்ப்போம். துடைத்துப் போனால் அது ஒன்றுமில்லை. போகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நமுனுகுல மலைப் பக்கத்துக் குளிரில் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதுமே மூச்சுப் பட்டு மங்கிவிடும். அதனால் ஒரு கோப்பை வெந்நீரில் கண்ணாடியைப் போட்டு வைத்திருப்போம்.

இதையெல்லாம் கற்றுத் தந்த எங்கள் டொக்டர் சிங்களவர். தமிழை நோயாளிகளிடமிருந்தே படித்தவர். நாற்காலியில் உட்கார மாட்டார். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் குட்டை முக்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார். கொழுந்து பறித்துவிட்டு மண் காலோடு வந்த பெண்கள் அவருக்கு மேலே உட்காரக் கூச்சப்படுவார்கள். "நீங்க உசரத்தில இருந்தாத்தான் எனக்கு வேலை லேசு," என்பார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. ஆனால் 'கேன்சர்' என்ற சொல்லைத் தோட்டத்தில் எங்களில் யாராவது சொன்னால் அன்று முழுவதும் அவளோடு பேச மாட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லவும் விடமாட்டார். "இன்னைக்கு நாங்க ஒண்ணும் காணல, அப்படிச் சொல்லுங்க," என்பார்.

அவர் வைத்திருந்த சட்டங்களில் ஒன்று, சொந்தக்காரரின் வாயை நாங்கள் பார்க்கக்கூடாது என்பது. "ரெண்டு பிழை வரும். ஒண்ணு, இருக்கிறது தெரியாது. மத்தது, இல்லாதது தெரியும்." அப்படிப்பட்டவர்களை எங்களோடு ஜோடியாக வருபவள் பார்க்க வேண்டும். பார்த்ததை எங்களுக்குச் சொல்லக் கூடாது.

ஆய்வுக்காகத் தோட்டங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் கேள்வியும் கேட்டு வாயையும் பார்ப்போம். மற்றப் பாதியில் கேள்வி மட்டும்தான். சில வருடங்கள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால்தான், பார்த்ததால் பயன் உண்டா என்று சொல்ல முடியும். கேள்வி மட்டும் கேட்கும் தோட்டம் ஒன்றில் எங்களை நடுப்பாதையில் மறித்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு மாரியாயி என்ற பெண் கேட்டாள்.

"ஏம்மா, கீழ்த் தோட்டத்துக்காரிங்களுக்கு மட்டும் லைட்டு அடிச்சுப் பாத்தீங்களாம். எங்க வாயி என்ன, வாயி இல்லையா?"

"சீட்டு விழுந்தது அப்படிங்க," என்றேன் நான்.

"எங்களுக்கு வெறும் கேள்விதானா? கேள்வி கேக்கத்தான் கங்காணி இருக்காரே."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்தது சிரிப்பல்ல, பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல். எனக்கு அது நன்றாகத் தெரிந்த உணர்வு. மாலையில் டொக்டரிடம், கேட்கிறவர்களுக்கு மட்டுமாவது பார்த்தால் என்ன என்று கேட்டேன். அவர் கைகழுவிக்கொண்டே சொன்னார். "வலி, புண் எண்டு சொல்ற ஆளை ஒடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அது எல்லாத் தோட்டத்துக்கும். லைட் அடிக்க ஏலாது. இப்ப பாவம் பாத்து அடிச்சா, பிறகு நாங்க சொல்றது யாரும் நம்ப மாட்டாங்க. அப்ப எந்தத் தோட்டத்துக்கும் லைட் வராது." அவர் சொன்னது எனக்கு விளங்கியது. ஆனாலும் மாரியாயியின் தோட்டத்துக்குப் போகும் நாட்களில் டோர்ச்சைப் பைக்குள் அடியில் போட்டு மறைத்துக்கொள்வேன்.

இனி என்னோடு ஜோடியாக வந்த ஃபரீதாவைப் பற்றி எழுத வேண்டும். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். தேயிலை மலையை அதற்கு முன் பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்தவள். நான் லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த காசில் பதுளையில் படித்தவள். எனவே தோட்டத்துப் பெண்கள் என்னிடம்தான் வாயைத் திறப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். ஃபரீதா எழுதுவாள், நான் பார்ப்பேன் என்றே கணக்குப் போட்டிருந்தேன். முதல் வாரத்திலேயே முத்தம்மா என்ற வயதான பெண் அதைக் கலைத்துவிட்டாள்.

"ஒன்கிட்டயா? நீ எங்க சம்பந்திக்கு ஒண்ணு விட்ட பேத்தி. நாளைக்கே எம் மருமக காதுக்குப் போயிரும்."

"போகாது பெரியம்மா. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"நீ சொல்ல மாட்ட. ஒன் மூஞ்சி சொல்லும். அந்தக் கடக்காரர் மக வரட்டும்."

அதன்பிறகு எல்லாத் தோட்டத்திலும் அதே கதைதான். என்னைக் கண்டால் குசலம் விசாரிப்பார்கள், ரொட்டி தருவார்கள், கல்யாணம் எப்போது என்பார்கள். வாயைத் திறக்க மட்டும் ஃபரீதா முன்னால் போய் உட்காருவார்கள். அவளிடம் தங்கள் புருஷன்மாரின் குடியைப் பற்றிக்கூடச் சொன்னார்கள். நாங்கள் பார்த்த வாய்களில் சிலவற்றை டொக்டர் பின்னால் வந்து மறுபடி பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, "ஃபரீதா நல்லாப் பாக்கிறா," என்றார். என் பக்கம் திரும்பி, "ராணி நல்லா எழுதுறா," என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை.

எங்கள் தோட்டத்தின் முறை வந்தது. நான் அப்போது கல்யாணமாகி ஏழு மாதக் கர்ப்பிணி. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் விறாந்தையில் படுதா கட்டி இடம் ஒதுக்கியிருந்தோம். அம்மா வந்ததும் நான் எழுந்து வெளியே போனேன். சட்டம் அது. படுதாவுக்கு அந்தப் பக்கம் அம்மா கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. அம்மா வெளியே வந்தபோது, "என்னம்மா சொன்னா?" என்றேன்.

"பல்லு ஆடுதாம். ஆடட்டும், வயசாச்சுல்ல," என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுக்கத் தவறாகப் படித்தேன். ஃபரீதா சனிக்கிழமைகளில் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். சீலை எடுக்க என்று சொன்னார்கள். வெறுங்கையோடு திரும்பி வருவார்கள். "ஒண்ணும் புடிக்கல," என்பார் அம்மா. அவளுடைய அப்பாவே துணிக்கடை வைத்திருக்க, பிடிக்காமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். ஃபரீதா அம்மாவை 'மாமி' என்று கூப்பிட்டாள். அம்மா அவளைத் 'தங்கம்' என்று கூப்பிட்டார். என்னை அம்மா 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு அடக்க முடியாமல் போனது. என் அம்மா மலைக்குப் போகும்போது ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் கொண்டுபோவார். மிளகாயை அள்ளிப் போட்டு இடித்த சம்பல். அதைத் தொடாமல் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார். என் குழம்பையும் ஒதுக்கினார். ஆனால் ஃபரீதா தன் உம்மா செய்த மெத்தென்ற இனிப்பு வட்டிலப்பத்தையோ, தேங்காய்ப் பால் ஊற்றிய கஞ்சியையோ கொண்டுவந்தால் வழித்துச் சாப்பிடுவார்.

"என்னம்மா, ஃபரீதா வீட்டுச் சாப்பாடு ருசிச்சிருச்சு போல."

"ஆமா. அவங்க வீட்டுக் கை ருசி அப்படி," என்று சிரித்தார்.

உறைப்புச் சாப்பிட்டால் எரிகிறதா என்று எத்தனையோ பெண்களிடம் கேட்டவள் நான். என் வீட்டுச் சோற்றுத் தட்டில் அதற்கான பதில் இருந்தது. நான் அதில் ஃபரீதாவைத்தான் பார்த்தேன்.

பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். மகள் பிறந்தாள். பார்வையாளர் நேரத்தில் கணவர் வந்தார், அவருடைய அக்கா வந்தார். ஃபரீதா ஃபிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்தாள். அம்மா மட்டும் வரவில்லை.

"அம்மா எங்க?"

"வருவாங்க."

"பேத்தியப் பாக்கக்கூட லீவு போட ஏலாதா?"

"வருவாங்க ராணி. சூடு ஆறிடும், குடிங்க."

அம்மா ஃபரீதா வீட்டில் இருக்கிறார் என்றே நினைத்தேன். என் குழந்தையைவிட அவள் வீடு பெரிதாகிவிட்டது என்று நினைத்துத் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பால் சுரக்கவில்லை என்று அழுகிறேனாக்கும் என்று ஆறுதல் சொன்னார்.

நாங்கள் வீட்டுக்குப் போக இருந்த நாளுக்கு முந்திய நாள், ஃபரீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வார்டுக்குள் வந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு உடுத்தியிருந்தார். வலது கன்னம் வீங்கி, வாய் ஓரத்தில் துணி தெரிந்தது. பார்த்த கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன கேட்டேன் தெரியுமா? அம்மாவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. ஃபரீதாவைப் பார்த்து, "எந்த இடம்?" என்று கேட்டேன்.

"வலது கன்னம் உள்பக்கம். கடவாய்ப் பல்லுக்குக் கிட்ட. மாமி பேசக் கூடாது, தையல் போட்டிருக்கு."

"எப்ப பாத்த?"

"உங்கட தோட்டத்துல பாத்த அண்டைக்கே."

அம்மா இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையைத் தரும்படி சைகை காட்டினார். கொடுத்தேன். குழந்தையை வீங்காத பக்கத்துக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டார்.

அந்தத் திட்டை வெட்டி எடுப்பதற்குக் குறித்த நாள் என் பிரசவ நேரத்தோடு வந்துவிட்டதாம். நாளை மாற்றலாம் என்று ஃபரீதா சொல்லியிருக்கிறாள். அம்மாதான், "வேணாம், அவளும் ஆஸ்பத்திரியில படுத்திருப்பா. நான் வீட்டுல இல்லாதது தெரியாது," என்றாராம். வெட்டி எடுத்ததைச் சோதித்து, இன்னும் புற்றுநோயாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். புகையிலையை விட்டுவிட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

ஃபரீதாவோடு சண்டை போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மாமி சொல்ல வேணாம் எண்டாங்க. உங்களுக்குச் சொன்னா, நாளைக்கு வேற ஒரு மகள் வந்து கேப்பா. அவளுக்கும் சொல்லணும். பிறகு யாரு நம்மகிட்ட வாயைத் தொறப்பா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க முன்னால உக்காந்து தினமும் சோறு சாப்பிட்டேனே. அது எனக்கு லேசா இருந்திச்சி எண்டு நினைக்கிறீங்களா?" என்றாள்.

நானும் எத்தனை மருமகள்களிடம், எத்தனை மகன்களிடம் அப்படி முகத்தை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் செய்தது சரி என்று பகலில் தோன்றும். சாயங்காலம் ஆனால், என் தாயின் பயத்தை இரண்டு மாதம் சுமந்தவள் இன்னொருத்தி என்று நெஞ்சு காந்தும்.

தையல் பிரித்துப் பேச்சு வந்த பிறகு அம்மாவையும் கேட்டேன்.

"ஒனக்குச் சொன்னா அழுவ. வயித்துல இருக்கறதும் சேந்து அழும். அவளுக்கு நான் யாரு? யாரோ. யாரோகிட்ட காட்டறதுக்கு என்ன வெக்கம்?"

"அப்ப நான்?"

"நீ எம் மக," என்றார், அதோடு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி.

நான் வேலையை விட்டேன். அம்மாவும் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிக்கொண்டு, ஆசிரியரான என் கணவருக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸுக்கு எங்களோடு வந்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபரீதா வந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். நான் குழந்தையோடு வாசலில் நின்று பார்ப்பேன். திரும்பி வந்ததும் ஃபரீதா என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள், அம்மாவும் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்து நானாக யூகித்துக்கொள்வேன்.

இப்போது ஃபரீதாவுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது. மாப்பிள்ளை கிழக்குக் கரைப் பக்கம். கல்யாணத்தோடு வேலையையும் விட்டுவிட்டுப் போகிறாள். செய்தி கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. இனி அம்மா எனக்குத்தான் என்று நினைத்தேன். அம்மாவோ, "அப்ப இனிமே பதுளைக்குப் போக வேண்டியதில்ல. வாயும் ஆறிருச்சு. போதும்," என்று சொல்லிவிட்டார். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். பேச்சை மாற்றினார். புதிதாக வந்த பெண்களோடு போகச் சொன்னேன். "அதுங்க சின்னப் புள்ளைங்க," என்றார்.

போன வாரம் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சிவப்பாகத் துப்பிய கறை கண்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவ முயன்றிருக்கிறார், முழுதாகப் போகவில்லை. புகையிலை வாடையும் இருந்தது. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை வேறு ஏதோ விஷயத்துக்குக் கொஞ்சம் சத்தம் போட்டதற்கே, அப்புத்தளையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். அங்கே போனால் அந்த வாயைப் பார்க்க ஒருவரும் இல்லை. அண்ணியே வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டுவார்.

என் கணவர் சொல்கிறார், "ஃபரீதா போறதுக்கு முன்னால ஒரு தடவ வந்து, இனிமே ராணிகிட்ட காட்டுங்கன்னு சொன்னா அம்மா கேப்பாங்க. நீ போய் அவகிட்ட கேளு." அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஃபரீதா மறுக்கவும் மாட்டாள். ஆனால் என் தாயின் வாயைப் பார்க்க அவளிடம் போய் அனுமதி கேட்க மனம் ஒப்பவில்லை. இரண்டு முறை பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பிவிட்டேன். நானாகவே கேட்டுவிடலாம் என்று நினைத்தால், சொந்தக்காரர் வாயைப் பார்க்காதே என்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வருகிறது. இருப்பது தெரியாமல் போய்விட்டால்? அம்மா கோபித்துக்கொண்டு மூட்டையைக் கட்டிவிட்டால்? அடுத்த மூன்று மாதத் தவணை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் சகோதரிகளிடம் கேட்கிறேன். வைத்தியம் எனக்கு ஓரளவு தெரியும், அதைக் கேட்கவில்லை. பெற்றவளின் நோயைப் பெற்றவளே மறைத்தபோது, அந்தச் செய்தியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட மகள்கள் உங்களில் இருப்பீர்கள். நான் ஃபரீதாவிடம் போகட்டுமா, அம்மாவிடமே போகட்டுமா? அம்மாவிடம்தான் என்றால், அவர் முன்னால் உட்கார்ந்து முதலில் என்ன சொன்னீர்கள் என்பதை மட்டுமாவது எழுதுங்கள். ஃபரீதாவின் கல்யாணத்துக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.